நாலாவது டேக்

நவம்பர் இருபத்தொன்று, வியாழக்கிழமை. மாலை ஐந்து மணி ஐந்து நிமிடம். மூடிக்கிடக்கும் கல் குவாரியிலிருந்து வடக்கே போகும் சாலையில் நாலாவது கிலோமீட்டர். அங்கே ஒரு வளைவு. வளைவிலிருந்து முந்நூறு மீட்டரில் ஒரு வீடு. அதற்கு முன்னால் வீடு கிடையாது... பின்னாலும் கிடையாது.

கரண்ட் வரும்வரை ஏதாவது சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். அந்த போன் வெளிச்சத்தை மட்டும் கொஞ்சம் கீழே கவிழ்த்து வையுங்கள். எனக்கு நடந்ததில்லை இது. என் சிநேகிதனுடைய அக்காவுக்கு நடந்தது.

அக்காவுக்குத் தொண்டு நிறுவனங்களுக்குக் குறும்படம் எடுத்துக் கொடுக்கும் வேலை. கண் ஆஸ்பத்திரி, முதியோர் இல்லம், ரத்ததானச் சங்கம்... எல்லாம் இரண்டு நிமிடம், மூன்று நிமிடம். "பார்க்கறவன் கட்டைவிரல் தள்ளிட்டுப் போறதுக்குள்ள அவன் தொண்டையை அடைக்கணும். அவ்வளவுதான் என் தொழில்" என்பார். கெட்டவர் இல்லை. படம் எடுத்த வீடுகளுக்கெல்லாம் அப்புறமும் போய்வருகிற ஆள். ஆனால் கேமரா ஓட ஆரம்பித்துவிட்டால் அவர் வேறு மனுஷி.

கூடப் போனவர்கள் இரண்டே பேர். கேமராமேன் ஒட்டடைக்குச்சி மாதிரி நெடுநெடுவென்று இருப்பார். அவரை எல்லோரும் முக்காலி என்பார்கள். ஒலிப்பதிவு செய்கிறவருக்குப் பெயர் காது. தலையில் ஹெட்போன் இல்லாமல் அவரைப் பார்த்தவர்கள் குறைவு.

"அப்ப மூக்கு யாரு, அக்காவா?"

சிரித்துக்கொள்ளுங்கள். இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள்.

காணாமல் போன பிள்ளைகளைத் தேடிக் கண்டுபிடிக்கிற ஒரு சங்கம். அதற்குத்தான் படம். அந்த வீட்டு அம்மாவின் மகன் காணாமல் போய் ஆறு வருஷம். அப்போது அவனுக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூட வேன் ஐந்து மணிக்கு அந்த வளைவில் இறக்கிவிடும். அங்கிருந்து நடந்து வருவான். அன்றைக்கும் இறக்கிவிட்டிருக்கிறார்கள். பையை மாட்டிக்கொண்டு நடந்ததை டிரைவர் கண்ணாடியில் பார்த்திருக்கிறார். முந்நூறு மீட்டர். அவன் வீட்டுக்கு வரவில்லை. நாயைவிட்டுத் தேடினார்கள். குவாரித் தண்ணீரை மூன்று நாள் இறைத்துப் பார்த்தார்கள். ஒரு செருப்புகூட... ஒன்றுமே இல்லை.

கணவர் இரண்டு வருஷம் தேடிவிட்டு, பிறகு படுத்தவர் எழுந்திருக்கவில்லை. அம்மா மட்டும்தான். ஒரே அறை. கட்டில் மேலும் தரை மேலும் பொத்தான் இல்லாத சட்டைகள் குவிந்திருக்கும். கம்பெனிக்குப் பொத்தான் தைத்துக் கொடுப்பது அவருடைய வேலை. சுவரில் ஆணி வரிசை. அதில் ஆறு சட்டைகள். வருஷத்துக்கு ஒன்று, மகனுக்காகத் தைத்தது. ஒவ்வொன்றிலும் கை கொஞ்சம் நீளம், தோள் கொஞ்சம் அகலம்.

"அளவு எப்படிம்மா எடுக்கறீங்க?" என்று அக்கா கேட்டார்.

"குத்துமதிப்புதான். அவங்கப்பா உசரம். அதுலேர்ந்து கழிச்சுக்குவேன்."

முக்காலி அந்தச் சட்டைகளைப் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போதே மூக்கை உறிஞ்சினாராம்.

பிறகு டீ குடிக்கும்போது அக்கா பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டார். "அவன் வந்தா கதவை எப்படித் தட்டுவான்?"

"ரெண்டு தட்டு வேகமா தட்டுவான். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, ஒண்ணு மெதுவா. திறக்க மாட்டேன்னு நான் உள்ளேயே நிப்பேன்... விளையாட்டு."

அக்கா தலையாட்டிக்கொண்டார். வெளியே வந்து காதைத் தனியாகக் கூப்பிட்டார். "நீ தட்டறப்ப ரெண்டு வேகமா, ஒண்ணு மெதுவா. அவங்களுக்குத் தெரிய வேண்டாம்."

"அக்கா, வேண்டாம்க்கா. பாவம்."

"ஒரே ஷாட்டுடா. அந்த முகம் கிடைச்சா பத்துப் பிள்ளைங்க வீட்டுக்கு வரும்."

காட்சி இதுதான். கேமரா வெளியே, வாசலிலிருந்து பத்தடி தள்ளி, கதவைப் பார்த்தபடி. காது கதவைத் தட்டிவிட்டுச் சுவரோரம் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். அம்மா கதவைத் திறந்து சாலையைப் பார்க்க வேண்டும். யாரும் இல்லை. அந்த ஏமாற்றம்தான் வேண்டும். நிலைப்படிக்கு உள்ளே தரையில் மஞ்சள் டேப் ஒட்டினார்கள். "இதைத் தாண்டாதீங்கம்மா. தாண்டினா ஃப்ரேமை விட்டுப் போயிடுவீங்க. பேசவும் வேண்டாம். கேமராவைப் பார்க்காதீங்க. பின்னாடி ரோட்டை மட்டும் பாருங்க."

"சரிம்மா" என்றார் அந்த அம்மா. கதவைச் சாத்திக்கொண்டார்.

முதல் டேக், ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு. இரண்டு தட்டு வேகமாக... ஒன்று மெதுவாக.

உள்ளே ஏதோ கீழே விழுந்து சிதறும் சத்தம். பொத்தான் டப்பா. கதவு திறந்தது. அந்த அம்மா கேமராவைத் தாண்டிச் சாலையைப் பார்த்தார். பார்த்தவர்... சிரித்துவிட்டார்.

அக்காவுக்கு ஏமாற்றம். "கட்! அம்மா, சிரிக்கக் கூடாதும்மா. அங்க யாரும் இல்லை. நீங்க ஏமாந்து போறீங்க. சரியா? எல்லாரும் முதல் இடத்துக்குப் போங்க."

படப்பிடிப்பில் மறுபடி எடுக்கும்போது சொல்வது அது. எல்லோரும் தொடங்கிய இடத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். காது கதவைச் சாத்தினார்.

இரண்டாவது டேக். தட்டு. கதவு திறந்தது. அந்த அம்மாவுக்கு இப்போது கண்ணீரும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது. அவர் பார்வை சாலையிலிருந்து மெல்ல மெல்லக் கிட்டே வருகிறது... ஒரு ஆள் நடந்து வந்தால் பார்ப்போமே, அப்படி.

காது கையைத் தூக்கினார். "அக்கா, நிறுத்துங்க. யாரோ நடக்கறாங்க. சவுண்ட் கெடுது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். சாலை வெறிச்சென்று கிடந்தது. காற்றுகூட இல்லை.

"யாருடா?"

"ஷூ சத்தம்க்கா. ஒரு கால் சரியா விழுது. இன்னொண்ணு... அடி பிஞ்ச மாதிரி. தப்... சரக். தப்... சரக்."

"வெளிச்சம் போகுதுடா. உன் காதைக் கழட்டி வச்சிட்டு வேலையைப் பாரு. எல்லாரும் முதல் இடத்துக்கு!"

மூன்றாவது டேக். அக்கா இந்தத் தடவை நிறுத்தக்கூடாது என்று முடிவு செய்துகொண்டார். ஓட விட்டார். கதவைத் திறந்த அம்மா அசையவில்லை. பார்வை சாலையிலிருந்து வாசலுக்கு வந்தது. வாசலிலிருந்து படிக்கு. முகத்தில் சிரிப்பு இல்லை இப்போது. ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல் மேலும் கீழுமாகப் பார்த்தார். சுவரோரம் நின்ற காதுக்கு ஒரு வாடை அடித்தது. பாசி பிடித்த தண்ணீரும் கல்பொடியும் கலந்த வாடை. கால் விரல்கள் மஞ்சள் டேப்பைத் தொட்டுக்கொண்டிருக்க, அந்த அம்மா இரண்டு கையையும் நீட்டினார். தாழ்வாக... இடுப்பு உயரத்தில்.

"கட்."

கை நீட்டுவது காட்சியில் இல்லை. அதனால்தான்.

"முதல் இடத்துக்குப் போங்க. கடைசித் தடவை."

காது கதவைச் சாத்தும்போது, அந்த அம்மா இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். சாத்தி முடியும்வரை.

நாலாவது டேக். இரண்டு வேகமாக, ஒன்று மெதுவாக. கதவு திறந்தது. சாலையைப் பார்த்தார். பார்த்தார்... பார்த்துக்கொண்டே இருந்தார். முகம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளுக்குள் இடிந்து விழுந்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. நாற்பது நொடி.

அக்கா பதினாலு வருஷத்தில் அப்படியொரு முகத்தை எடுத்ததில்லை. "இதுதான்! இதுதான்மா வேணும்!" என்று கத்திவிட்டார். முக்காலி கைதட்டினார். ஆமாம்... கைதட்டினார்கள்.

அந்த அம்மா டேப்பைத் தாண்டாமல் அங்கேயே நின்று கேட்டார். "படம் முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதும்மா."

"அப்ப அவனை உள்ள விடலாமா? வண்டியிலயா உக்கார வச்சிருக்கீங்க?"

 முக்காலி என்ன நினைத்தாரோ, போய் வண்டியின் நாலு கதவையும் திறந்து காட்டினார். பின் கதவையும்.

அந்த அம்மா படியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே சொன்னார். "உங்க சங்கம் பிள்ளைங்களைக் கண்டுபிடிச்சுக் கொண்டாந்து விடுமில்ல... அந்தத் தட்டு கேட்டுச்சு. திறந்தா வளைவுல வரான். சரி, கண்டுபிடிச்சிட்டாங்க, எனக்குச் சொல்லாம கூட்டிட்டு வந்திருக்காங்க, அதைத்தான் படம் புடிக்கறாங்கன்னு நினைச்சேன். அதான் நீங்க சிரிக்கக் கூடாதுன்னதும் அடக்கிக்கிட்டேன்."

"அம்மா..."

"கிட்ட வந்தப்புறம்தான் பார்த்தேன். அதே உசரம். ஆறு வருசம் ஆச்சு, ஒரு விரல்கடை வளரலை. அப்பவே தெரிஞ்சுபோச்சு எனக்கு." கையில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டார். "இருந்தாலும் உள்ள வரட்டுமேன்னு நினைச்சேன். படி ஏறிட்டான்மா. இன்னும் ஒரு எட்டுதான். நீங்க திரும்பிப் போகச் சொல்லிட்டீங்க. கடைசித் தடவை திறந்தப்ப வளைவுல அவன் இல்லை."

அக்கா வளைவைத் திரும்பிப் பார்த்தார்.

"உங்களைத் தப்பு சொல்லலை. அவன் அப்படித்தான். பெரியவங்க யாரு என்ன சொன்னாலும் தட்ட மாட்டான்."

காதுதான் கேட்டார். "அம்மா, அவன் ஷூ..."

"வலது காலு அடி பிஞ்சிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை தைச்சுத் தரேன்னு சொல்லியிருந்தேன்."

...தண்ணீர் இருந்தால் கொடுங்கள்.

"போதும், இதோட நிறுத்திக்கலாமே" என்று சொல்கிறவர் எழுந்து போகலாம். படிக்கட்டு இருட்டாகத்தான் இருக்கும்.

"நான் எங்க போறேன்? சொல்லித் தொலைங்க."

எடிட்டிங் அறையில் மூன்றாவது டேக்கை அவர்கள் முழுதாக ஓட்டிப் பார்த்தார்கள். 'கட்' சொன்ன பிறகும் கேமரா பத்து நொடி ஓடியிருந்தது. காது கதவைச் சாத்துகிறார். எல்லாம் தெளிவாக இருக்கிறது. திடீரென்று கதவு மங்குகிறது. கேமரா ஆளைத் தேடித் தானாக ஃபோகஸ் பிடிக்கிற வகை. ஆளே இல்லாத இடத்தில் எதையோ பிடித்துக்கொண்டு, ஃபோகஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் கிட்டே கிட்டே வருகிறது. பிறகு விட்டுவிடுகிறது. கதவு மறுபடி தெளிவாகிறது.

"லென்ஸ் கோளாறா இருக்கலாம்ல?" என்றார் அக்கா. கெஞ்சுகிற குரலில்.

அப்போதுதான் முக்காலி சொன்னார். அந்தக் கேமராவில் மனித முகம் தெரிந்தால் திரையில் ஒரு வெள்ளைச் சதுரம் வந்து முகத்தைச் சுற்றி நிற்கும். பதிவாகாது, எடுக்கிறவருக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு டேக்கிலும் அந்த அம்மாவின் முகத்தில் ஒரு சதுரம் இருந்தது. மூன்றாவதில், கதவு சாத்திய பிறகும் ஒரு சதுரம் இருந்தது. படிக்கு மேலே. சின்னதாக, தாழ்வாக. கேமராவை நோக்கி வந்தது. வர வரப் பெரிதாயிற்று. லென்ஸுக்கு முன்னால் வந்து ஒரு நொடி நின்றது...

"நான் நகர்ந்து வழி விட்டேன்க்கா" என்றார் முக்காலி. "ஏன்னு தெரியலை. காலு தானா நகர்ந்துச்சு."

அக்கா படத்தைக் கொடுக்க முடியாது என்று சங்கத்துக்குச் சொல்லிவிட்டார். அந்த அம்மாதான் போன் செய்து போடச் சொன்னார். "அந்த மூஞ்சியைப் பார்த்து வேற யாரு பிள்ளையாச்சும் வீடு வரட்டும்."

படம் இரண்டு நிமிடம் ஐம்பது நொடி. நாலாவது டேக் அதில் முழுதாக இருக்கிறது. பார்த்தவர்கள் ஏராளம். சங்கத்துக்குத் தகவல்கள் வந்தன. ஏழு மாதத்தில் இரண்டு பிள்ளைகள் அவரவர் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். இரண்டு பேரும் நன்றாக வளர்ந்திருந்தார்களாம்.

இரண்டாவது பிள்ளை கிடைத்த செய்தியைச் சொல்ல அக்கா அந்த அம்மாவுக்குப் போன் செய்தார். கேட்டு அந்த அம்மா சந்தோஷப்பட்டார். பிறகு கொஞ்சம் தயங்கி, "எனக்கு ஒண்ணே ஒண்ணு செய்வியாம்மா? இன்னொரு தடவை எடுக்கலாமா?" என்றார்.

அந்த மாதமே போனார்கள். அதே கேமரா, அதே நேரம், அதே மூன்று பேர். டேப் ஒட்டவில்லை. அதிலிருந்து மாதாமாதம் போகிறார்கள். காது தட்டுவார். கதவு திறக்கும். அக்கா 'கட்' சொல்ல வாயைத் திறப்பதில்லை.

போன மாதமும் போயிருக்கிறார்கள். மூன்று மணி நேரம் பத்து நிமிடம் அந்த அம்மா வளைவைப் பார்த்தபடி நின்றார். மெமரி கார்டு நிறைந்ததும் கேமரா தானாக நின்றது.