சாவி கொடுக்க வேண்டாத வாட்ச்

பழைய பொருளை விற்கும்போது அதன் குறையைச் சொல்லிவிட வேண்டும் என்பாள் அம்மா. இந்த வாட்சில் குறையே இல்லை என்பதுதான் சிக்கல், பாய்.

"நல்ல ஸ்டீல், ஆட்டோமேட்டிக். ஆனா அடிக்கடி நின்னுபோகுதாமே, தெருவுல சொல்றாங்க" என்று கேட்டீர்கள். பெரிய கடைவீதியில் இத்தனை காலம் வாட்ச் வாங்கி விற்கிற காஜா மைதீன் பாயிடம் மறைக்க எனக்கு மனம் வரவில்லை.

இது என் பெரியப்பா செபஸ்தியானுடையது. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். ஓய்வு பெற்று வையம்பட்டியில் தோட்டம் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வாதம் வந்து வலது கை விழுந்தது. பாலக்கரையில் எங்கள் வீட்டுக்குக் கூட்டி வந்தோம். அம்மா டீச்சர், பள்ளிக்கூடம் போய்விடுவாள். பி.எஸ்சி. பௌதிகம் முடித்து வேலையில்லாமல் இருந்த நான்தான் துணை.

கையை ஆட்டிக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். பெரியப்பா வாட்சை வலது கைக்கு மாற்றிக் கட்டிக்கொண்டார். கை அசைந்தால்தானே அது ஓடும். "டாக்டர் முகத்துக்காகச் சொல்வார். மெஷின் அப்படிச் சொல்லாதும்மா" என்பார். சாயங்காலம் ரேடியோ செய்தியோடு மணியை ஒத்துப் பார்ப்போம். பக்கத்து வீட்டு நசீரா அக்கா சுவருக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

"என்ன மாமா, வாட்ச் ஓடுதா?"

"இது தானா ஓடும். உன் வீட்டுக்காரருக்குத்தான் சாவி கொடுக்கணும்."

வீடே சிரிக்கும். அதுவரை நான் நாலு பேர் நடுவில் வாய் திறந்ததில்லை. பெரியப்பா என்னிடம் கேள்வி கேட்டார். ஒளி ஏன் வளைகிறது, வானம் ஏன் நீலம் என்று. பதில் சொன்னால் காது கொடுத்துக் கேட்டார். நான் ஜோக் சொன்னேன், அதற்கும் சிரித்தார். எனக்கு ஜோக் சொல்ல வரும் என்பதே அப்போதுதான் தெரிந்தது.

கையும் தேறியது. ஒருநாள் டம்ளரைத் தூக்கினார். "பொங்கலுக்கு ஊருக்குப் போயிடுவேன். கிணத்து மோட்டார் என்ன ஆச்சோ" என்றார். அம்மா மெழுகுவர்த்தி ஏற்றினாள். நானும் பக்கத்தில் முழந்தாளிட்டேன்.

இந்த வாட்சில் நேரம் மாற்றும் குமிழை வெளியே இழுத்தால் முள் நின்றுவிடும். பார்த்திருப்பீர்கள். அதன்பிறகு தினமும் மத்தியானம் அவர் தூங்கும்போது இழுத்துவிடுவேன். மரத்த கை, அவருக்குத் தெரியாது. எழுவதற்குள் அழுத்திவிடுவேன். சாயங்காலம் செய்தி வரும்போது வாட்ச் பின்தங்கியிருக்கும்.

"ஏம்மா, நின்னு நின்னு ஓடுதே?"

"கை அசைவு போதலை பெரியப்பா. அசைவு குறைஞ்சா ஸ்பிரிங் இறுகாது."

படித்த பெண் சொன்னதால் நம்பினார். முதலில் இன்னும் வேகமாக ஆட்டினார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நிற்கும், நான் துடைத்துவிடுவேன். நான் இன்னும் கொஞ்ச நேரம் கூடுதலாக நிறுத்தி வைத்தேன். பிறகு அவரே குறைத்துக்கொண்டார். கடைசியில் வாட்சைக் கழற்றி என்னிடம் கொடுத்து, "இது பொய் சொல்லாதும்மா. போதும்" என்றார். தோட்டத்தைக் குத்தகைக்கு விடச் சொல்லிவிட்டார்.

நசீரா அக்கா அழுதாள். நான் அன்றைக்கு அவருக்குப் பிடித்த கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

அவரைக் கெடுக்க வேண்டும் என்று நான் நினைக்கவே இல்லை, பாய். தனியாகத் தோட்டத்தில் கிடந்து என்ன செய்யப் போகிறார்? இங்கே வேளைக்குச் சோறு, பேச்சுத் துணை. ஆட்டாத கை அப்படியே மடங்கிவிட்டது, உண்மைதான். போன மழைக்காலத்தில் மறுபடியும் வாதம் வந்து பேச்சும் நின்றது. இப்போது பேசுவதெல்லாம் நான்தான். காலையில் பேப்பர் படித்துக் காட்டுகிறேன், மத்தியானம் கதை, சாயங்காலம் ஜோக். முன்னைவிட நன்றாகச் சொல்கிறேன்.

"எங்ககூட சந்தோஷமா இருக்கீங்களா பெரியப்பா?" என்று தினமும் கேட்கிறேன். ஒருநாள்கூட அவர் இல்லை என்று சொன்னதில்லை.