திரும்பி வராத ஊசி

அவைக்கு அணியாய் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே! தலையில் பனி இறங்கிய பின்னும் தளராமல் மலையேறி வந்திருக்கும் பெரியோர்களே! முதுகிலே பிள்ளையும் முகத்திலே புன்னகையுமாய் வந்திருக்கும் தாய்மார்களே! லாரிக்காரன் மோஹாவின் வணக்கம்!

நம் அட்லஸ் மலை மருத்துவக் குடிலுக்கு இன்று புதுத் தராசு வந்திருக்கிறது. தட்டில்லை, படிக்கல்லில்லை, உள்ளே ஒரு சுருள்வில், அவ்வளவே! பாரம் தொங்கினால் நீளும். பாரம் இரட்டித்தால் நீட்சியும் இரட்டிக்கும். இறக்கினால் பழைய உருவுக்கே திரும்பும். தாங்கும் அளவை மீறி இழுத்தால்? அது திரும்பாது, தாய்மார்களே, திரும்பவே திரும்பாது!

பழைய தராசின் கதையைக் கேளுங்கள். மேகம் தரையில் நடந்த ஒரு காலை. அக்ரூட் கிளையில் தராசு, கொக்கியில் துணித்தொட்டில், தொட்டிலில் இத்தூவின் கைக்குழந்தை தில்லா. காற்றும் ஆட, கிளையும் ஆட, ஊசியும் கனவிலே ஆடுவதுபோல் ஆடி நின்றது.

"போன மாசத்துக்கு அரைக் கிலோ கூடியிருக்கா, இத்தூ!" என்றாள் செவிலி கெல்தூம்.

"இல்லக்கா. தூக்குனா பஞ்சு மாதிரி இருக்கா. என் கைக்குத் தெரியாதா?"

கெல்தூம் சிரித்தாளா? சினந்தாளா? இல்லை! குழந்தையை இறக்கினாள், துணியையும் கழற்றினாள். வெறுங்கொக்கி! ஊசி சுழியத்துக்கு வந்ததா? முக்கால் கிலோவிலேயே நின்றது! இரண்டு கிலோ சர்க்கரைக் கூம்பைத் தொங்கவிட்டாள். இரண்டே முக்கால் காட்டியது! அப்படியானால் குழந்தை கூடவில்லை ஐயா, கால் கிலோ குறைந்திருக்கிறது!

"யாரு இதுல கைய வெச்சது?"

இத்தூவின் கொழுந்தன் ஹம்மு தலையைச் சொறிந்தான். "போன வாரம் பெருநாள் கிடாவைத் தொங்கவிட்டேன்க்கா... கொஞ்சம் கொழுத்த கிடா."

"கொஞ்சமா? வில்லோட உசுரையே வாங்கிட்டியேடா!"

சிரியுங்கள், சிரியுங்கள்! முன்வரிசையில் ஹம்முவே சிரிக்கிறார்! அன்று மட்டும் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. பனி பொழியும் கணவாய் வழியே நகரத்து மருத்துவமனைக்கு என் லாரி ஊர்ந்தது. வழியெல்லாம் வெண்மை, வானெல்லாம் வெண்மை. இத்தூ குழந்தையின் மூச்சில் கன்னத்தை வைத்தபடியே வந்தாள். "அண்ணே, மெதுவாப் போகாதீங்க. வேகமாவும் போகாதீங்க," என்றாள். எப்படிப் போவேன் நான்?

போய்ச் சேர்ந்தோம். குடலில் நோய் என்றார் மருத்துவர். மருந்து ஏறியது, பால் இறங்கியது, நாட்கள் நகர்ந்தன. ஒரு காலை அங்கிருந்த தராசில் ஊசி ஏறியதை எல்லோரும் எட்டிப் பார்த்தோம். இத்தூ பார்க்கவில்லை. பிள்ளையை வாங்கினாள், கண்ணை மூடினாள், கையில் ஏந்தி ஒருமுறை அசைத்தாள்.

"ம்... இப்பத்தான் கனக்குறா."

தாய்மார்களே, தொங்கவிடுமுன் வெறும் ஊசியைப் பாருங்கள்! ஊசி ஒன்று சொல்லி உங்கள் கை வேறு சொன்னால், வாய்விட்டுச் சொல்லுங்கள்! கேட்பதற்குக் கெல்தூம் இருக்கிறாள்.

காது கொடுத்த உங்களுக்கு நன்றி. உங்கள் மடிகளெல்லாம் கனக்கட்டும். அஸ்ஸலாமு அலைக்கும்!