பேச்சு மட்டும் வரும் பெட்டி

வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருப்பவர்களில் முக்கால்வாசிப் பேர் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், ஐயா. நடு ஸ்பீக்கரை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில் உள்ளே தள்ளி வைத்துவிடுகிறார்கள். பாட்டும் சண்டையும் வீடே அதிர வரும். பேச்சு மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். நானும் அப்படித்தான் வைத்திருந்தேன். அதை அப்படியே விட்டிருந்தால் இன்று உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

ஜீப் ஓட்டிய தங்கப்பாண்டியை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அவன் மனைவி உங்கள் ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்து, “ஹாரன் அடிச்சேன்னு சொல்றாருய்யா” என்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம் அழுகிறாள். யாரும் காதில் வாங்கவில்லை. ஒருவர் சொன்னது இப்படிக் கேட்பாரில்லாமல் போவது எனக்குப் பொறுக்காது. அதனால்தான் வந்தேன்.

என் பெயர் சண்முகராஜ். கம்பத்துக்குத் தெற்கே, கூடலூர் ரோட்டை ஒட்டி வீடு. பின்னால் திராட்சைத் தோட்டம். என் மனைவி நாகஜோதிக்குக் கல்யாணமான புதிதில் ஒரு காய்ச்சல் வந்து காது மந்தமாகிவிட்டது. முழுச் செவிடு இல்லை. சத்தம் கேட்கும், சொல் பிரியாது. பக்கத்தில் நின்று, முகம் பார்த்து நிதானமாகப் பேசினால் புரிந்துகொள்வாள். போன், டிவி, கூட்டம் என்றால் ஆகாது. உடனே என் பக்கம் திரும்பி, “என்ன சொல்றாக?” என்பாள். நான் சொல்வேன்.

இதில் எனக்கு ஒருநாளும் சலிப்பு வந்ததில்லை. எத்தனை புருஷன்மார் இப்படி இருப்பார்கள் என்று நீங்களே யோசியுங்கள். ரோட்டைக் கடக்கும்போதுகூட அவள் வண்டியைப் பார்க்க மாட்டாள், என் முகத்தைத்தான் பார்ப்பாள். கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் பறக்கிற ரோடு அது. எங்கள் வாசலுக்கு வலப்பக்கம் வளைவு. திராட்சைப் பந்தல் அதை மறைக்கும். நான் தலையாட்டினால்தான் அவள் காலெடுத்து வைப்பாள். ஒருதடவைகூட நான் தப்பாகத் தலையாட்டியதில்லை, அந்த ஒருநாளைத் தவிர.

கேட்டதையெல்லாம் அப்படியே அவளிடம் சொன்னேன் என்று சொல்ல மாட்டேன். யார் பேச்சிலும் பாதி பதர்தான். புடைத்துவிட்டு மணியை மட்டும் கொடுத்தேன். தேனியில் பார்த்த டாக்டர், காதில் மிஷின் வைத்தால் நன்றாகக் கேட்கும் என்றார். அவளிடம், மிஷினுக்கும் சரிப்படாதாம் என்றேன். மிஷின் வைத்துக்கொண்டு ஊரார் பேசுகிற கேலியையெல்லாம் அவள் எதற்குக் கேட்க வேண்டும்?

அவள் அண்ணன் சுருளியாண்டி கெங்குவார்பட்டியில் விவசாயம் பார்க்கிறார். அவர் மகள் பெரியவளானபோது போன் செய்தார். எங்கள் பக்கத்தில் சடங்கன்று அத்தைதான் முதல் தண்ணீர் ஊற்ற வேண்டும். “தங்கச்சியக் கூட்டிக்கிட்டு வாங்க மாப்ளே, அப்பிடியே மதுரைக்குப் போயி ஒரு மிஷினு வாங்கிப் போட்ருவோம்” என்றார். கடைசியில் சொன்னதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. காது கேட்காதவள் வந்து சபையில் நிற்க வேண்டாமாம் என்று நாகஜோதியிடம் சொன்னேன். அவளுக்கு வர மனசில்லை என்று அவரிடம் சொன்னேன். வேறு யாரோ தண்ணீர் ஊற்றினார்கள். அவள் அழுதபோது பக்கத்திலேயே இருந்தேன். பிறகு மச்சான் ஒருமுறை நேரில் வந்தார். தூங்குகிறாள் என்று வாசலோடு அனுப்பிவைத்தேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

போன வருடம்தான் ஹோம் தியேட்டர் வாங்கினேன். அதில் வரும் பேச்சு எனக்கே பிரியவில்லை. அவள் கேட்டால் சொல்வதற்காவது எனக்குத் தெரிய வேண்டாமா? கம்பத்தில் இந்த வேலை செய்கிற ஷானவாஸைக் கூப்பிட்டேன்.

“என்னண்ணே, இதப் போயிப் பொந்துக்குள்ள வச்சிருக்கீக? படத்துல பேசுறது பூராம் இந்தப் பெட்டியிலதாண்ணே வரும். நீங்க என்னடான்னா முழங்காலுக்குப் பேச விட்ருக்கீக” என்று சிரித்தான்.

பெட்டியைத் தட்டின் விளிம்புக்கு இழுத்தான். அடியில் ஒரு மரக்கட்டையைச் சொருகி, உட்காருகிறவர் முகத்தைப் பார்க்கும்படி நிமிர்த்தினான். அதன் சத்தத்தை மட்டும் கூட்டி, மூலையில் உறுமிக்கொண்டிருந்த பெரிய பெட்டியை அடக்கினான். வெறும் டைல்ஸ் தரை பேச்சைச் சிதறடிக்கும் என்று ஜமுக்காளம் விரிக்கச் சொன்னான். எல்லாம் முடிந்த பிறகு, “அக்கா எங்கன உக்காருவாக?” என்று கேட்டு, அவள் நாற்காலியைப் பெட்டிக்கு நேரெதிரே இழுத்துப் போட்டான்.

ஒரு காமெடிப் படம் போட்டான். நான் சொல்லத் தொடங்கும் முன்பே நாகஜோதி சிரித்துவிட்டாள். திரும்பாமலே எனக்குக் கையமர்த்தி, “கேட்டுருச்சு” என்றாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பதற்கில்லை.

நான் தோட்டத்தில் இருக்கிற நேரமெல்லாம் அவள் படம் பார்த்தாள். புதுப்படம் இல்லை. நான் ஏற்கெனவே கூட உட்கார்ந்து கதை சொன்ன பழைய படங்களாகத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். ஒரு மத்தியானம் சாப்பிட வந்தேன். உலை வைத்திருக்கவில்லை. திரையில் ஒருத்தி கையில் பையோடு வாசல்படியில் நிற்கிறாள். தாயார் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று அவள் புருஷனிடம் சொல்வதாக நான் சொல்லியிருந்த இடம் அது. அவள் உண்மையில் சொல்வது, இனி இந்தப் படியை மிதிக்க மாட்டேன் என்று. அந்தச் சங்கடம் நாகஜோதிக்கு வேண்டாமென்றுதான் அன்றைக்கு மாற்றிச் சொன்னேன்.

அவள் படத்தை நிறுத்தினாள். “இவ திரும்பி வாரேன்னு சொல்லல” என்றாள்.

“சினிமாதான.”

“சினிமாவுக்கே இப்பிடிச் சொல்லிருக்கீக. அப்ப எங்க அண்ணே என்ன சொன்னாக?”

அவள் வெகுநேரம் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நான் போயி அண்ணே மொகத்தப் பாத்தே கேட்டுக்கிறேன். அந்த டாக்டரையும் பாத்துக் கேட்டுக்கிறேன். இனிமே யாரு பேசுனாலும் நீங்க எனக்குச் சொல்ல வேண்டாம்.”

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. மறுநாள் காலையில் கிளம்பினாள். நான் தடுக்கவில்லை ஐயா, பையைக்கூட நான்தான் தூக்கிவந்தேன். தேனி பஸ் எதிர்ச்சாரியில் நிற்கும். வாழைத்தார் லாரி ஒன்று மேட்டில் இரைந்துகொண்டு போனது. நான் பந்தலைத் தாண்டி, வளைவு தெரிகிற இடத்தில் நின்றிருந்தேன். தங்கப்பாண்டி வளைவுக்கு முன்பே ஹாரன் அடித்தான். எப்போதும் அடிப்பான். எனக்குத் தெளிவாகக் கேட்டது. லாரி இரைச்சலில் அவளுக்குப் பிரிந்திருக்காது.

ரோட்டோரம் வந்ததும் அவள் கால் தானாக நின்றது. திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

நான் தலையாட்டினேன்.

ஆஸ்பத்திரிக்கு மச்சான் ஓடிவந்தார். என் தோளைப் பிடித்துக்கொண்டு, “கடைசியா எந்தங்கச்சி என்ன சொன்னா மாப்ளே?” என்று கேட்டார். “போக வேண்டாம், நம்ம வீட்டுக்கே திரும்பிருவோம்னு சொன்னா” என்றேன். அவர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

வாயைத் திறந்து அவள் அப்படிச் சொல்லவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் என்னை நம்பாதவளாக இருந்தால் அந்த நேரத்தில் என் முகத்தை ஏன் பார்க்க வேண்டும்? அந்தப் பார்வைக்கு அதுதான் அர்த்தம் ஐயா. அவள் என்ன சொல்கிறாள் என்று எடுத்துச் சொல்ல என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?