வியாழக்கிழமை பேக்கப்

கம்ப்யூட்டர் அறையில் குளிர் அதிகம். அதனால் கொளுத்தும் வெயில் காலத்திலும் நான் முழுக்கைச் சட்டைதான் போடுவேன். மருத்துவமனையில் எனக்கு ‘ஸ்வெட்டர் சார்’ என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. வைத்தது யாரென்று தெரியும், நான் கோபித்துக்கொண்டதில்லை. பதினொரு வருடங்களில் நான் யாரிடமும் குரலை உயர்த்திப் பேசியதில்லை என்பதையும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

விசாரணை அதிகாரியான நீங்கள், நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். எழுதுவதில் எனக்குத் தயக்கம் இல்லை. நான் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன்.

எங்கள் மருத்துவமனையில் ஒரு நோயாளியைப் பற்றிய எல்லாமும் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தது. எப்போது சேர்ந்தார், என்ன பரிசோதனை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, எல்லாம். முன்பு மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களின் கட்டிலில் ஒரு சிவப்பு அட்டை தொங்கும். அது அடிக்கடி தொலைந்துபோகும். அட்டையை நிறுத்திவிட்டுத் திரையிலேயே சிவப்பு வரி வரும்படி செய்யலாம் என்று யோசனை சொன்னது நான்தான். நர்ஸ் நோயாளியிடம் கேட்டு நேராகத் தட்டச்சு செய்வார். திரையில் சிவப்பு வரி வரும், பக்கத்தில் அந்த நர்ஸின் பெயர் வரும். காகிதம் கிடையாது. பெரிய டாக்டர் எல்லார் முன்னிலையிலும் என்னைப் பாராட்டினார்.

அந்தப் பழைய கம்ப்யூட்டர் சில மாதங்களாகக் கடகடவென்று சத்தம் போட ஆரம்பித்தது. புதியது வாங்கினார்கள். சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எல்லாரும் பதிவை நிறுத்த வேண்டும். நான் பேக்கப் எடுப்பேன், அதாவது மொத்தப் பதிவுகளுக்கும் ஒரு முழு நகல். அந்த நகலைப் புதிய கம்ப்யூட்டரில் ஏற்றி, ஞாயிறு மதியம் பன்னிரண்டு மணிக்குத் திறந்துவிடுவேன். இதுதான் திட்டம். கூட்டத்தில் பெரிய டாக்டர் கேட்டார்.

“ஏதாவது விட்டுப்போகுமா?”

“ஒரு வரிகூட விட்டுப்போகாது சார்,” என்றேன்.

வார்டு நர்ஸ்கள் எல்லாரும் அங்கே இருந்தார்கள். என் அண்ணியும் இருந்தார்.

அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் அண்ணனின் மனைவி. அந்த மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடம் நர்ஸாக இருந்தவர். வேலை இல்லாமல் நான் வீட்டில் சும்மா இருந்த காலத்தில், பெரிய டாக்டரிடம் போய் நின்று, “எங்க தம்பி ரொம்பப் பொறுப்பானவர் சார், நான் கேரண்டி” என்று சொல்லி எனக்கு இந்த வேலையை வாங்கித் தந்தவர். மாடியில் நான், கீழே அவர்கள். சாப்பாடு கீழேதான். என் துணியைக்கூட அவர்தான் துவைக்கப் போடுவார். நான் நன்றி மறந்தவன் இல்லை.

ஒவ்வொரு இரவும் பேக்கப் தானாக எடுக்கும்படி வைத்திருந்தேன். காலையில் வந்ததும் ‘வெற்றிகரமாக முடிந்தது’ என்ற செய்தியைப் பார்ப்பேன், நோட்டில் டிக் போடுவேன். நான்காயிரம் டிக் இருக்கும். ஆனால் அந்த நகல்களில் ஒன்றையாவது திரும்ப ஏற்றிப் பார்த்திருக்கிறேனா என்று நீங்கள் கேட்டீர்கள். இல்லை. என் தொழிலில் முக்கால்வாசிப் பேர் அப்படித்தான். குடையைக் கையில் வைத்திருக்கிறவன் தினமும் விரித்தா பார்க்கிறான்?

சனிக்கிழமை எடுத்த பேக்கப் எண்பத்து மூன்று சதவீதம் வரை ஏறி நின்றுவிட்டது. மறுபடி முயன்றேன். அதே எண்பத்து மூன்று. வெள்ளி இரவு எடுத்ததும் அப்படியே. பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் கெட்டுப்போயிருந்ததால் நகலும் கெட்டிருக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் வியாழக்கிழமை பேக்கப் ஏறியது. நூறு சதவீதம். அந்த நூறைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது.

ஆக, வெள்ளி காலையிலிருந்து சனி மதியம் வரையிலான பதிவுகள் புதியதில் இல்லை. பழைய கம்ப்யூட்டர் அப்போதும் ஓடிக்கொண்டுதான் இருந்தது, அதன் திரையில் எல்லாமும் தெரிந்தது. பெரிய டாக்டருக்கு ஒரு போன் போட்டு, ‘இரண்டு நாள் தள்ளிவைப்போம்’ என்று சொல்லியிருக்கலாம். அவர் திட்டக்கூட மாட்டார். ஆனால் ‘ஒரு வரிகூட’ என்று நான் சொல்லியிருந்தேன். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. அது ஒன்றுதான் இருந்தது.

அதனால் உட்கார்ந்து உழைத்தேன். சேர்க்கைச் சீட்டுகள், பரிசோதனைச் சீட்டுகள், டாக்டர்களின் குறிப்புகள் எல்லாவற்றையும் பதிவறையிலிருந்து அள்ளிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்தேன். அறுநூற்றுச் சொச்சம் பதிவுகள். அவற்றைக் கம்ப்யூட்டர் அறை பதிவது வழக்கம்தான், யாரும் கேட்க மாட்டார்கள். காகிதமே இல்லாதவை மட்டும் மிஞ்சின. சிவப்பு வரிகள். பத்தொன்பது.

அவற்றையும் பழைய திரையைப் பார்த்துப் பதிந்திருக்கலாமே என்றீர்கள். பதிந்தால், நர்ஸ் பெயர் வர வேண்டிய இடத்தில் என் பெயர் வரும். முதலில் பார்க்கிற நர்ஸே, “ஸ்வெட்டர் சார் எப்போ நோயாளிகிட்ட போய் விசாரிச்சாரு?” என்று கேட்டுவிடுவார். நர்ஸ்கள் பெயரிலேயே பதிய எனக்கு வழி உண்டு. ஆனால் அடுத்தவர் பெயரில் பதிவது என் தொழிலில் பெரிய குற்றம். அதை நான் ஒருநாளும் செய்ததில்லை.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்குச் சரியாகத் திறந்துவிட்டேன். பெரிய டாக்டர் போனில் வாழ்த்தினார்.

அதன்பின் அந்தப் பத்தொன்பதையும் பழைய திரையில் நிதானமாகப் படித்தேன். பதினெட்டுப் பேர் வீட்டுக்குப் போய்விட்டவர்கள். ஒருவர் மட்டும் இரண்டாவது மாடி வார்டில் இருந்தார். பள்ளி வேன் ஓட்டுபவர், கால் முறிந்து வெள்ளியன்று சேர்ந்தவர், திங்களன்று அறுவைசிகிச்சை. எந்த ஊசி அவருக்கு ஆகாது என்று வெள்ளி காலை பதினொன்று இருபதுக்குப் பதிவாகியிருந்தது. பக்கத்தில் அண்ணியின் பெயர்.

மூன்று மணிக்கு நானே அந்த வார்டுக்குப் போனேன். இதை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். அவர் வலி மருந்தின் மயக்கத்தில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். காலில் காயம் சிவந்து காய்ச்சல் கண்டிருந்தது. அவருடைய மனைவி மருந்துச் சீட்டோடு கீழே போயிருந்தார். அன்று அண்ணிக்கு விடுமுறை. பணியில் இருந்த நர்ஸ் வேறொருவர், வேலைக்குப் புதியவர். ஞாயிற்றுக்கிழமை டாக்டர் காய்ச்சலுக்கு ஊசி எழுதிவிட்டுப் போயிருந்தார். அந்தப் பெண் திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“புதுசு வந்துடுச்சா சார்? இதுல காட்டுறத எல்லாம் நம்பலாம்ல?”

“கண்ண மூடிக்கிட்டு நம்பலாம்மா,” என்றேன்.

எந்த ஊசி என்று நான் கேட்கவில்லை. டாக்டர்கள் எத்தனையோ மருந்து எழுதுவார்கள். அதேதான் எழுதியிருப்பார் என்று நான் ஏன் நினைக்க வேண்டும்? மேஜை மேல் டிரேயில் அந்த மருந்துக் குப்பி இருந்தது. லேபிள் என் பக்கம் திரும்பியிருந்தது.

படியேறி என் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன். ஐந்து மணிக்கு மேல் கீழே ஓடும் சத்தம் கேட்டது. ஐந்து இருபதுக்கு அழுகைச் சத்தம் கேட்டது. அது அவருடைய மனைவி.

மாற்றிய பிறகு பழைய கம்ப்யூட்டரில் உள்ள பதிவுகளைத் துடைத்து அழிக்க வேண்டும் என்பது விதி. ஒரு வாரத்துக்குள் செய்தால் போதும். நான் திங்கள் காலை ஏழு மணிக்கே செய்துவிட்டேன்.

அந்த மரணத்தைப் பற்றி மருத்துவமனை ஒரு விசாரணைக் குழு வைத்தது. “அந்த சிஸ்டர் கேட்டாங்க, எங்க வீட்டுக்காரரு சொன்னாரு, அவங்க டைப் அடிச்சாங்க, நான் பார்த்தேன்” என்று வேன்காரரின் மனைவி சொன்னார். “நான் போட்டேன். சத்தியமாப் போட்டேன்,” என்று அண்ணி சொன்னார். விவரம் தெரிந்தவன் என்ற முறையில் என்னைக் கருத்துக் கேட்டார்கள். தட்டச்சு செய்துவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்த மறப்பது சகஜம்தான் என்றேன். பொதுவாகப் பார்த்தால் அது உண்மை. அண்ணியைக் காயப்படுத்தக் கூடாதே என்று ‘சகஜம்’ என்ற சொல்லைத் தேர்ந்தெடுத்தேன்.

அண்ணியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு வாரம் அவர் சாப்பாட்டு மேஜையில் என் எதிரே உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

“தம்பி, அந்தப் பொத்தானை நான் அழுத்துனேன். விரல் ஞாபகம் வச்சிருக்கு.”

“அழுத்தணும்னு நினைச்சிருப்பீங்க அண்ணி. யாராவது கூப்பிட்டிருப்பாங்க.”

மூன்றாவது வாரம், “கூப்பிட்டாங்களோ?” என்றார். ஒரு மாதத்தில், “ஆமா தம்பி, பக்கத்துக் கட்டில்ல யாரோ கூப்பிட்டாங்க. நான் திரும்பிட்டேன்” என்றார். அப்படி யாரும் கூப்பிட்டதாக எனக்குத் தெரியாது. ஆனால் அன்றுதான் அவர் முதல்முறையாகக் கொஞ்சம் தூங்கினார். மனிதருக்கு ஒரு காரணம் கிடைத்தால் போதும், மனம் ஆறிவிடும்.

இப்போது அவர் விளக்கை அணைத்துவிட்டு மறுபடி போட்டு மறுபடி அணைக்கிறார். அடுப்பை மூன்று முறை தொட்டுப் பார்க்கிறார். வேன்காரரின் வீட்டு வாசல்வரை போய், உள்ளே போக முடியாமல் திரும்பி வந்திருக்கிறார், பலமுறை. நானே துணைக்குப் போயிருக்கிறேன். “நீ இல்லன்னா அவ என்னைக்கோ உடைஞ்சுபோயிருப்பாடா” என்று அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டு சொன்னான். எனக்கு மனசு கனத்துப்போயிற்று. மூன்று வருடமாக அந்தக் கனம் இறங்கவில்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

சனிக்கிழமை பேக்கப்பை நான் ஏன் அழிக்கவில்லை என்றுதானே உங்களுக்கு ஆச்சரியம். ஒரு பேக்கப்பை அழிக்க எனக்குக் கை வராது, அவ்வளவுதான். எடுத்தால் வைத்திருக்க வேண்டும். ‘கெட்டது’ என்று எழுதி அலமாரியில் வைத்தேன். போன மாதம் வேலைக்குச் சேர்ந்த பெண் எஞ்சினியர் ஏதோ புது மென்பொருளைக் கொண்டு அதைத் திறந்துவிட்டார். எண்பத்து மூன்றுக்கு அப்பாலும் படிக்க முடியும் என்று எனக்குத் தெரியாது. தொழில் எங்கோ போய்விட்டது. பதினொன்று இருபது, அண்ணியின் பெயர், சேமிக்கப்பட்டது என்ற குறி, எல்லாம் அதில் இருக்கிறது.

ஆகவே ஒப்புக்கொள்கிறேன். அந்த வரி இல்லை என்று தெரிந்தே திறந்தேன். அந்த ஊசி என்று தெரிந்தே படியேறினேன். அண்ணி அழுத்தினார் என்று தெரிந்தே மறந்திருப்பார் என்றேன். தண்டனை எதுவானாலும் சரி.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை அண்ணியிடம் திடுதிப்பென்று நீங்கள் போய்ச் சொல்லிவிட வேண்டாம். தன் மறதியோடு வாழ அவர் இப்போதுதான் பழகியிருக்கிறார். எனக்கு ஒரு நாள் அவகாசம் கொடுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து நானே பக்குவமாகச் சொல்கிறேன். அந்த வீட்டில் நான் சொன்னால்தான் அவர் நம்புவார்.