சேறு பூசிய முகம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் பத்திரிகைக்கு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். காதில் விழுந்ததை மட்டும் எழுதுகிறேன்.

குத்தாலத்திலிருந்து கும்பகோணம் போகும் பஸ். முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் விரல்களில் பெயிண்ட் கறை இருந்தது.

“அக்கா, உங்க மூஞ்சில சேத்தப் பூசிட்டேன்” என்று சொல்லி, செல்போனில் தான் வரைந்த ஓவியத்தைக் காட்டினாள்.

மூத்தவர் உற்றுப் பார்த்தார். “பேப்பர்ல வந்த போட்டோதானே? குழாய் பதிக்க வந்த மெஷினுக்கு முன்னாடி நான் படுத்தது.”

“ஆமாங்க்கா. அதைப் பாத்துத்தான் பெரிசா வரைஞ்சேன். நாளைக்குக் கும்பகோணத்துல கண்காட்சி. உங்க மேல கேஸ் இருக்கேன்னு மூஞ்சிய மறைச்சிட்டேன்.”

“ஏம்மா, ஸ்டேஷன்ல என்னை எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வச்சிருக்காங்க. அவங்களுக்குத் தெரியாத மூஞ்சியா?”

“இன்னும் வம்பு வரக்கூடாதுன்னுதான்...”

“நட்டு எட்டு நாள் ஆகல, வயல்ல மெஷின எறக்குனாங்க. நான் நட்ட பயிரு மேல நானே படுத்தேன். படுத்தது யாருன்னு தெரிய வேணாமா? மூஞ்சி இல்லாட்டி எவளோ ஒருத்தின்னு போயிடும்.”

“வீட்டுல அண்ணன் ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா?”

“அவரும் படத்துல இருக்காரே. வரப்புல செருப்பக் கையில வச்சிக்கிட்டு நிக்கிறாரு பாரு. வேணும்னா அவரு மூஞ்சில பூசிக்க.”

இளையவள் சிரித்துவிட்டாள்.

மறுநாள் கண்காட்சிக்குப் போனேன். படுத்திருந்தவருக்கு முகம் இருந்தது. ‘ஈரம் காயவில்லை, தொடாதீர்கள்’ என்று கீழே எழுதி ஒட்டியிருந்தார்கள்.