விறாந்தையில் கதைக்கக் கூடாது

சத்தம் போட்டுக் கதைக்கும் ஆட்களை எனக்குப் பிடிக்காது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். வீட்டில் வானொலியைக்கூடக் குறைத்துத்தான் வைப்பேன்.

எங்கள் ஆஸ்பத்திரியோ மீன் சந்தை. இரத்த வங்கியில் வேலை செய்யும் கலீலுர் றஹ்மான், ஒரு பரிசோதனை முடிவு வந்தால் போதும், விறாந்தை முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டுக்கொண்டு வார்டுக்கு ஓடுவார். தாதிமார், மருந்து கொடுப்பவர்கள், டொக்டர்மார் எல்லோரும் வழியில் நின்றுதான் அலுவல் கதைப்பார்கள். இரண்டாயிரத்தேழாம் ஆண்டு, சண்டைக் காலம். காயப்பட்டு வந்தவன் எந்த ஊர், சாம்பல்தீவா நிலாவெளியா என்று விறாந்தையில் உரத்துச் சொன்னால், அது எவன் காதில் போய் விழுமோ? கணினிகள் வந்து, அவற்றுக்கு என்னைப் பொறுப்பாகப் போட்டபோது, இனி எல்லாவற்றையும் அதிலேயே எழுதி அனுப்பவேண்டும், வாயால் சொல்லக் கூடாது என்று ஆஸ்பத்திரிப் பணிப்பாளரைக் கொண்டு சட்டம் போட வைத்தேன். அது நியாயமான சட்டம். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

றஹ்மான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரைப்பற்றி முறைப்பாடு கொடுத்தேன். பணிப்பாளர் கூப்பிட்டு ஏசி, இன்னொருமுறை என்றால் இடமாற்றம் என்றார். பிள்ளைகுட்டிக்காரர், பெட்டிப்பாம்பாக அடங்கிவிட்டார். எனக்குப் பெரிய சந்தோஷம், மறைக்கமாட்டேன்.

அன்று காலை கொழும்பிலிருந்து மூன்று பேர் வந்து என் அறையில் இருந்தார்கள். எங்கள் கணினி முறையை மற்ற ஆஸ்பத்திரிகளுக்கும் கொடுக்கலாமா என்று பார்க்க வந்தவர்கள். துறைமுகப் பக்கம் ஏதோ வெடித்தது, கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஒப்பரேஷன் தியேட்டருக்கும் இரத்த வங்கிக்கும் மட்டும்தான். என் அறை பட்டரியில் ஓடும். வார்டுகளின் கணினிகள் அணைந்துவிட்டதை என் திரை காட்டியது. வந்தவர்களுக்கு அதைச் சொல்லவில்லை.

அப்போதுதான் வார்டுக்கு றஹ்மான் எழுதிய செய்தி, எல்லாச் செய்திகளையும் போல என் திரையிலும் வந்தது. பிள்ளைப்பேற்று வார்டில் கோணேஸ்வரி என்ற பெண்ணுக்கு அனுப்பிய இரத்தப் பை மாறிவிட்டது, ஏற்றவேண்டாம் என்று எழுதியிருந்தார். அதைத் திரையில் பெரிதாக்கி அவர்களுக்குக் காட்டினேன். "முன்பென்றால் ஒருவர் ஓடிப்போய்ச் சொல்லவேண்டும், இல்லையா?" என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். ஆமாம் என்றேன். தோளில் தட்டினார்.

சற்று நேரத்தில் பிள்ளைப்பேற்று வார்டு மிசி வாசலில் வந்து நின்றார். அந்த வார்டின் தலைமைத் தாதி. இரத்த வங்கி விறாந்தையின் மற்ற அந்தத்தில் இருக்கிறது, என் அறை அவர்களின் வார்டுக்குக் கிட்ட, அதுதான் என்னிடம் வந்தார்.

"தம்பி, கரண்ட் இல்லாமல் எங்கட கொம்பியூட்டர் செத்துக் கிடக்கு. பிள்ளை பெத்தவ ஒருத்திக்கு ரத்தம் ஏத்தப் போறம். அவவுக்கு ரத்தம் போய்க்கொண்டே இருக்கு, பொறுக்க ஏலாது. ரத்த வங்கியில இருந்து ஏதும் வந்ததோ?"

"கரண்ட் வந்ததும் திறந்து பாருங்கோ மிசி. வாயால சொல்லக் கூடாதெண்டு தெரியும்தானே."

"அவசரமெண்டால் சொல்லுவியள்தானே?"

நான் சிரித்தேன். பயப்பட ஒன்றுமில்லை என்று எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார்.

வந்தவர்களுக்குத் தமிழ் தெரியாது. என்ன சொல்கிறார் என்று கேட்டார்கள். இந்த முறை வந்தபிறகு வேலை லேசாகிவிட்டதாம் என்றேன். தேத்தண்ணி குடித்தார்கள். வாகனம் வரை கொண்டுபோய் விட்டேன். கரண்ட் வந்து, மிசி அந்தச் செய்தியைத் திறந்தபோது பை பாதி இறங்கியிருந்தது.

பின்னேரம் கோணேஸ்வரி இறந்தார். நிலாவெளியில் கரைவலை இழுக்கும் வல்லிபுரம் அவருடைய புருஷன். பிறந்த பிள்ளையைத் துவாயில் சுற்றி வைத்துக்கொண்டு விறாந்தையில் நின்று கத்தினார். "ஒரு ஆள் வந்து ஒரு சொல்லுச் சொல்ல இல்லையா இந்த ஆஸ்பத்திரியில?" நான் போய், மெதுவாகக் கதைக்கச் சொன்னேன்.

மிசியையும் றஹ்மானையும் வேலையால் நிறுத்தியிருக்கிறீர்கள். அது சரியில்லை. அந்தச் செய்தியை நான் வாசித்தேன். விளங்கியது. மிசி கேட்டபோது சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள். கோணேஸ்வரியைக் கொன்றது நான்தான் என்றே உங்கள் விசாரணை அறிக்கையில் எழுதுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஆனால் ஐயா, செய்தி ஒரு நொடிகூடப் பிந்தவில்லை என்பதையும் அதே பக்கத்தில் எழுதிவிடுங்கள்.