தாய்மாமன் மடி

இதை எழுதலாமா வேண்டாமா என்று நாலைந்து வருஷமாகத் தயங்கினேன். இன்று முருகன் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். சின்னவள் மடியில் பெண்குழந்தை ஒன்று தூங்கியது.

"இவளுக்குப் போன் மேல குந்த வச்சிதான்க்கா காது குத்தினோம்" என்றாள் சின்னவள்.

"இன்னாடி சொல்ற? தாய்மாமன் மடியிலதானே குத்துவாங்க?"

"தம்பிக்குத் துபாய்ல லீவு கெடைக்கல. வீடியோவுல வந்தான். எங்க வீட்டுக்காரரு மடியில போனை வச்சி, அதும்மேல புள்ளைய வச்சோம்."

பெரியவள் சிரித்தாள். "அப்ப புள்ளையோட பின்பக்கத்ததான் பாத்திருப்பான்!"

"அதுலேர்ந்து தெனமும் போன்லதான் மாமாவைக் கொஞ்சுவா. போன மாசம் நெசமாவே வளையலு வாங்கிக்கினு வந்தான். தூக்கினதும் கத்தறா. படத்தைத் தள்ளுற மாதிரி அவன் மூஞ்சில வெரலை வச்சித் தள்ளித் தள்ளி வுடுறாக்கா."

பெரியவளின் சிரிப்பு நின்றது. "கொழந்ததானே. பழகிடும்டி."

"அதுக்குள்ள கெளம்பிட்டான். 'பாப்பாவுக்குப் போன் மாமாதான் புடிச்சிருக்கு, இனிமே அதுலயே வர்றேன்க்கா'ன்னுட்டான். அப்பா அம்மா இல்லாத எனக்கு அவன் ஒருத்தன்தான். நாளைக்கு நான் செத்தா, பொறந்த வூட்டுக் கோடிப் பொடவை போத்தறதுக்காச்சும் நேர்ல வருவானாக்கா?"

கூட்டேரிப்பட்டில் நான் மயிலம் முருகன் மலைப்பக்கம் திரும்பிக் கும்பிட்டேன். குழந்தை விழித்து, "மாமா" என்று அம்மா கையிலிருந்த போனுக்குக் கை நீட்டியது.

இதைப் படித்தவர்கள் ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் நாலு பேருக்குச் சொல்லுங்கள். முடிந்தால் போனில் அல்லாமல், அந்த நாலு பேர் வீட்டுக்கே போய்ச் சொல்லுங்கள்.